ஜெராய் மலையும் மார்ச் மாதத்து எழுகாற்றும்

கெடா மாநிலத்தின் கடலோரச் சமவெளியில், யான், கோலமூடா மாவட்டங்களின் எல்லையில், வேறு எந்த மலைத்தொடரோடும் சேராமல் தனித்து நிற்கும் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர் ஆகும். வங்கக் கடலைக் கடந்து, கடாரம் எனப்பட்ட அந்நாளைய கெடாவிற்கு வந்த பழங்காலக் கப்பலோட்டிகளுக்குக் கரையை முதலில் காட்டியது இம்மலையே; இதன் தென்னடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அந்தக் கடல் வாணிகத்திற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. வரலாற்று நூல்களில் இவ்வளவு இடம்பெற்ற இம்மலையைச் சுற்றி நாள்தோறும் நடக்கும் காற்றின் இயக்கம், பீடோங், செமிலிங், குருண், சுங்கைப்பட்டாணி ஆகிய ஊர்களில் வாழ்வோரின் கண்முன்னே நிகழ்ந்தாலும், பாட நூல்களிலோ பொது நூல்களிலோ அதிகம் பேசப்படுவதில்லை. எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் விமானங்களின் அறிவியலைப் புரிந்துகொண்டால், அந்த இயக்கம் எளிதில் விளங்கும்.

நியூசிலாந்தின் ஓமரமா, பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சென்-ஓபான், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து மிண்டன் ஆகிய இடங்களில் உள்ள மலைக் கிளைடர் மையங்களுக்கு உலகெங்கிலுமிருந்து விமானிகள் வந்து, வாரக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு நாளும் காற்று எங்கே எழுகிறது, எப்போது எழுகிறது, எவ்வளவு உயரத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் கற்கின்றனர். ஜெராய் மலை அத்தகைய மையமன்று. ஆனால் அங்கே விமானிகள் கற்கும் பாடத்தை, தேன் பருந்தும் செம்பருந்தும் நத்தைகுத்தி நாரையும் கெடாவின் வானத்தில் செய்து காட்டுகின்றன. மழை குறைந்து வெயில் உச்சத்தை நெருங்கும் மார்ச் மாதமே அதைக் காண ஏற்ற காலம் என்பதால், இக்கட்டுரை அந்த ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, மலையும் நிலமும் வெயிலும் ஈரமும் சேர்ந்து காற்றை எவ்வாறு மேலே அனுப்புகின்றன என்பதை விளக்குகிறது.

இறங்கிக்கொண்டே ஏறுதல்

எஞ்சின் இல்லாத விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரை எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் எடை அதைக் கீழே இழுக்க, அந்த இறக்கத்தின் ஒரு பகுதி முன்னோக்கிய வேகமாக மாற, இறக்கையின் மீது பாயும் காற்று தூக்குவிசையைத் தருகிறது. ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது எத்தனை மீட்டர் முன்னே செல்ல முடியும் என்பதே சறுக்கு விகிதம் எனப்படுகிறது; பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 வகைக் கிளைடருக்கு இது ஏறத்தாழ 33, போட்டிகளில் பறக்கும் புதிய வகைகளுக்கு 40 முதல் 60 வரை, துணியால் ஆன பாராகிளைடருக்கு ஏறத்தாழ 9.

இந்த எண்களைக் கெடாவின் நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருள் தெளிவாகும். ஜெராய் உச்சியின் உயரத்திலிருந்து, காற்று அசைவற்றிருக்கும் ஒரு நாளில், சறுக்கு விகிதம் 40 உள்ள கிளைடர் ஒன்று புறப்பட்டால் தரையைத் தொடுமுன் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் செல்லும். வடக்கே அலோர் ஸ்டாரோ தெற்கே பினாங்கின் ஜார்ஜ் டவுனோ அதற்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. அதே உயரத்திலிருந்து புறப்படும் பாராகிளைடர் 11 கிலோமீட்டரில் தரையிறங்கிவிடும்; சுங்கைப்பட்டாணியைக்கூட அதனால் எட்ட முடியாது. வளர்ந்த பருந்தின் சறுக்கு விகிதம் கிளைடரைவிட மிகக் குறைவு. அதன் மேன்மை வேறிடத்தில் உள்ளது.

காற்றைப் பொறுத்து இறங்கினாலும், அந்தக் காற்றே அதைவிட விரைவாக மேலே எழுந்தால், தரையைப் பொறுத்தவரை விமானம் ஏறுகிறது. நல்ல கிளைடர் ஒன்றின் மிகக் குறைந்த இறங்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர், வட்டமிட்டுப் பறக்கும்போது அது 0.9 மீட்டர் அளவுக்குக் கூடும் என்று கொண்டால், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் எழும் காற்றுக்குள் அக்கிளைடர் நொடிக்கு 1.1 மீட்டர் வீதம் ஏறி, கால் மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடும். இவ்வாறு மேலே எழும் காற்றை எழுகாற்று என்று அழைக்கலாம். எழுகாற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதும், அதற்குள் தங்கியிருப்பதும், போதிய உயரம் பெற்றபின் அடுத்ததை நோக்கிச் சறுக்கிச் செல்வதும்தான் கிளைடர் விமானியின் முழு வேலை.

எழுகாற்றின் மூன்று வகைகள்

இந்த அறிவு படிப்படியாகவே மனிதருக்கு வந்தது. நாரைகளின் இறக்கையை ஆராய்ந்து 1889இல் நூல் வெளியிட்ட ஜெர்மானியர் ஓட்டோ லிலியென்தால், 1891 முதல் 1896இல் விபத்தில் இறக்கும் வரை, குன்றுகளிலிருந்து நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பறந்தார். முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சின் விமானங்கள் கட்டுவதற்கு ஜெர்மனிக்குத் தடைகள் விதிக்கப்பட்டதால், அந்நாட்டு இளைஞர் பலர் எஞ்சின் இல்லாப் பறத்தலின் பக்கம் திரும்பினர். வாசர்குப்பெ என்ற மலையில் 1920இல் கிளைடர் போட்டிகள் தொடங்கின. 1922இல் அங்கே ஹென்ட்ஸன் என்ற விமானி, புறப்பட்ட இடத்திலிருந்து கீழே இறங்காமல் மூன்று மணி நேரம் வானில் தங்கினார்.

அவரைத் தாங்கியது முதல் வகையான சரிவு எழுகாற்று. மலைச்சரிவின் மீது மோதும் காற்றுக்கு வேறு வழியின்றி மேலே திரும்ப வேண்டியிருப்பதால், காற்று வீசும் பக்கத்துச் சரிவை ஒட்டி ஒரு மெல்லிய எழுகாற்றுப் பட்டை உருவாகிறது. காற்று வீசும் வரை இது நிலைக்கும்; ஆனால் சரிவைவிட்டு விலகினால் கிடைக்காது.

இரண்டாம் வகை வெப்ப எழுகாற்று. வெயிலால் சூடேறிய தரை தன்மேல் உள்ள காற்றையும் சூடாக்க, சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைந்து, சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை விலக்கிக்கொண்டு குமிழாகவோ தூணாகவோ மேலே எழுகிறது. 1926இல் மாக்ஸ் கேகல் என்ற விமானி இடிமேகம் ஒன்றுக்குள் இழுக்கப்பட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உயிரோடு தரையிறங்கிய நிகழ்ச்சிக்குப் பிறகே, மலைச்சரிவின் துணையின்றியும் காற்று வலுவாக எழும் என்பது விமானிகளின் கவனத்தை ஈர்த்தது. காற்றழுத்தத்தின் சிறு மாற்றத்தைக் கொண்டு ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர் என்ற கருவி 1928 அளவில் கிளைடர்களில் பொருத்தப்பட்டதும், கண்ணுக்குத் தெரியாத வெப்பத் தூண்களை விமானிகள் தேடிப் பிடிக்கத் தொடங்கினர்.

மூன்றாம் வகை மலையலைக் காற்று. உயர்ந்த மலைத்தொடரைத் தாண்டி வலுவாக வீசும் காற்று, மறுபக்கம் இறங்கியபின் நீண்ட தொலைவுக்கு மேலும் கீழுமாக அலைபாயும். அந்த அலையின் எழும் பகுதியில் பறந்தால் மலையைப்போல் பல மடங்கு உயரத்தை எட்டலாம். 1933இல் ஜெர்மானிய விமானிகள் இதை முதன்முறையாக உணர்ந்து பயன்படுத்தினர். ஆண்டீஸ் மலைத்தொடரின் அலைக்காற்றில் 2003இல் கிளாவுஸ் ஓல்மன் ஒரே நாளில் 3,009 கிலோமீட்டர் பறந்தார். அதே மலைத்தொடரின் அலைகளைப் பிடித்து, 2018 செப்டம்பர் 2 அன்று பெர்லான் 2 என்ற கிளைடர் ஏறத்தாழ 23,200 மீட்டர் உயரத்தைத் தொட்டது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு.

 

தனிமலையின் இயல்பு

மலை ஒன்று இருந்தாலே எழுகாற்று கிடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு; ஜெராய் மலை அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. நீண்ட மலைத்தொடரின் மீது மோதும் காற்றுக்குத் தாண்டிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. தனிமலை ஒன்றின் மீது மோதும் காற்றுக்கோ இருபுறமும் விலகிச் செல்ல வழி இருக்கிறது. காற்று தாண்டுமா, சுற்றுமா என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், மலையின் உயரம், காற்றடுக்குகளின் நிலைத்தன்மை. மேலே தள்ளப்பட்ட காற்று மீண்டும் பழைய மட்டத்திற்கே திரும்ப முயலும் வலிமையே நிலைத்தன்மை எனப்படுகிறது. அது வலுவாக இருக்கும்போது மெதுவான காற்றால் மலையேற முடியாது.

1,200 மீட்டர் உயரமுள்ள மலையை, வழக்கமான நிலைத்தன்மையுள்ள காற்று முழுமையாகத் தாண்ட, மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் தேவை. நிலநடுக்கோட்டிலிருந்து ஆறு பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ள இப்பகுதியில் பெரும்பாலான நாள்களில் காற்று அதில் பாதி வேகத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே அதிகாலையில், தரை இன்னும் குளிர்ந்திருக்கும் வேளையில், ஜெராய் மலையை நோக்கி வரும் காற்றின் பெரும்பகுதி அதைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. ஆண்டீஸ் மலைத்தொடரில் காணும் பேரலைகள் இங்கே எழுவதில்லை என்பதற்கும், கெடாவின் வானத்தில் பறத்தல் முழுவதும் வெயிலை நம்பியே நடக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

ஆயினும் மலைக்குத் தனிப்பங்கு உண்டு. காலை வெயில் கிழக்குச் சரிவின் மீது ஏறத்தாழ நேராக விழுவதால், சமவெளி சூடேறும் முன்பே சரிவு சூடேறி, அதை ஒட்டிய காற்று மேல்நோக்கி ஊர்கிறது. முற்பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று புறப்பட்டு மேற்குச் சரிவின் மீது மோதும்போது, அப்பக்கமும் காற்று எழத் தொடங்குகிறது. அதே நேரத்தில் வடகிழக்குப் பருவக்காற்றும் வீசிக்கொண்டிருந்தால், எதிரெதிராக வரும் இரு காற்றுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் மேலே செல்வதே வழியாகிறது. மலையுச்சியின் மீது மட்டும் வெண்மேகம் தங்கியிருக்க, சுற்றியுள்ள சமவெளி தெளிவாக இருக்கும் முற்பகல் காட்சி இவற்றின் விளைவே.

பால்மரக் காடும் நெல்வயலும்

வெப்ப எழுகாற்றின் வலிமை வெயிலை மட்டும் பொறுத்ததன்று. வெயில் விழும் நிலத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. நண்பகல் உச்ச வெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மீது நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஜூல் ஆற்றல் விழுகிறது; ஒரு மணி நேரத்திற்கு அது 36 லட்சம் ஜூல். ஒரு கிலோ நீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். ஆகவே அந்த ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நீர்ப்படலம் ஆவியானாலே, ஒரு மணி நேர வெயிலின் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே செலவாகிவிடும். இந்த ஆற்றல் காற்றைச் சூடாக்காமல் நீராவிக்குள் மறைந்து செல்வதால் உள்ளுறை வெப்பம் எனப்படுகிறது.

ஜெராய் மலையின் வடக்கே விரியும் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவு பெற்றது. பெடு, மூடா அணைகளின் நீரால் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் வயல்கள் ஆண்டுக்கு இருபோகம் விளைகின்றன. நீர் தேங்கி நாற்று நிற்கும் காலத்தில் இந்தப் பரந்த வயல்வெளி கிளைடர் விமானிக்குப் பயனற்றது; வெயிலின் பெரும்பகுதி ஆவியாதலில் கழிந்துவிடும். அறுவடை முடிந்து, நீர் வடிந்து, தாள்கள் மட்டும் நிற்கும் வறண்ட வயலோ அதே வெயிலில் விரைவாகச் சூடேறி வலுவான வெப்பத் தூண்களை எழுப்பும். இவ்விரு நிலைகளும் அருகருகே அமையும்போது, அவற்றின் எல்லைக்கோட்டிலிருந்தே எழுகாற்று பெரும்பாலும் பிரிந்து எழுகிறது.

மலையின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள தோட்டங்களின் கதை வேறு. பால்மரம் எனத் தோட்ட மக்கள் அழைக்கும் ரப்பர் மரம், வறட்சி தெளிவாக உணரப்படும் கெடாவில், ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் இலைகளை முழுவதுமாக உதிர்த்துப் புதிதாகத் தளிர்க்கிறது. இலையுதிர்ந்த நாள்களில் பால் குறையும் என்பதும், அதனால் வெட்டு குறைந்து தொழிலாளர் வருமானமும் குறையும் என்பதும் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் அனைத்தும் அறிந்தவை. அதே இலையுதிர்வு வானத்திலும் ஒரு மாற்றத்தை நிகழ்த்துகிறது. இலைகள் இருக்கும்போது மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேற்றுவதால் வெயிலின் ஆற்றல் அதில் செலவாகிறது. இலைகள் உதிர்ந்தபின் அந்த நீராவிப்போக்கு பெரிதும் நின்றுவிட, கிளைகளின் ஊடே நேராக விழும் வெயில் சருகு மூடிய காய்ந்த தரையைச் சூடாக்குகிறது. எனவே இலையுதிர்ந்த பால்மரக் காட்டின் மேல் காற்று எழும் வலிமை கூடுகிறது. செம்பனை ஒட்டுமொத்தமாக இலையுதிர்ப்பதில்லை. அதன் மட்டைகள் ஆண்டு முழுவதும் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால், செம்பனைத் தோட்டத்தில் இப்பருவ வேறுபாடு அந்த அளவுக்குத் தோன்றுவதில்லை.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும், அதன்பின் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம் கொடுத்தன. தாரும் கூரைத் தகடும் நீரை ஆவியாக்குவதில்லை; அவை வெயிலை வாங்கிக் காற்றைச் சூடாக்குவதோடு, மாலைக்குப் பின்னும் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு நகரம் எழும்போது, அங்கு வாழ்ந்தோரின் வாழ்க்கை மட்டுமன்றி அந்நிலத்தின் மேலுள்ள காற்றின் இயக்கமும் மாறிவிடுகிறது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவோர் வானத்தையும் மாற்றுகின்றனர் என்பது கிளைடர் அறிவியல் தரும் முதன்மையான பாடம்.

மேகத்தின் அடித்தளம்

எழும் காற்று உயர உயர அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. நீராவி குளிர்ந்து நீராகாத வரை, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் அது 9.8 பாகை செல்சியஸ் வெப்பத்தை இழக்கிறது. காற்றில் உள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை பனிநிலை எனப்படும். அழுத்தம் குறைவதால் அதுவும் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 பாகை இறங்குகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஆயிரம் மீட்டருக்கு எட்டுப் பாகை வீதம், அதாவது 125 மீட்டருக்கு ஒரு பாகை வீதம், சுருங்கி, இரண்டும் ஒன்றாகும் உயரத்தில் மேகம் பிறக்கிறது. பஞ்சுப்பொதி போன்ற திரள் மேகங்கள் அனைத்தும் ஒரே மட்டத்தில் தட்டையான அடிப்பகுதியைக் கொண்டிருப்பது இதனால்தான். அந்த மட்டமே மேக அடித்தளம்.

சுங்கைப்பட்டாணியில் வெப்பநிலை 33 பாகையாகவும் பனிநிலை 24 பாகையாகவும் உள்ள ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இடைவெளி 9 பாகை; அதை 125ஆல் பெருக்கினால் மேக அடித்தளம் 1,125 மீட்டர். ஜெராய் மலையின் உச்சி அதற்குமேல் 92 மீட்டர் நீள்வதால், அன்றைய நாளில் உச்சி மேகத்திற்குள் மறைந்திருக்கும். வறட்சி கடுமையாக உள்ள மற்றொரு நாளில் வெப்பநிலை 35, பனிநிலை 22 என்று கொண்டால் இடைவெளி 13 பாகை. மேக அடித்தளம் 1,625 மீட்டர். உச்சி தெளிவாகத் தெரிவதோடு, மேகங்கள் அதற்கு நானூறு மீட்டர் மேலே மிதக்கும். மலையுச்சி தெரிகிறதா இல்லையா என்று பார்த்த அளவிலேயே காற்றின் ஈரத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடிகிறது.

மேகம் பிறக்கும்போது, முன்பு ஆவியாதலில் மறைந்த உள்ளுறை வெப்பம் திரும்ப வெளிப்பட்டு, எழும் காற்றை மேலும் சூடாக்குகிறது. ஈரம் மிகுந்த நாள்களில் இந்த ஊக்கத்தால் சிறு திரள் மேகம் ஒரு மணி நேரத்திற்குள் இடிமேகமாக வளர்ந்துவிடலாம். கிளைடர் மையங்களில் மேகத்தின் அடியில் நின்று உயரம் பெறக் கற்பிக்கும்போதே, மேகம் கோபுரமாக உயரத் தொடங்கினால் உடனே விலகவும் கற்பிக்கின்றனர்.

ஒரு மாதத்தின் போக்கு

மார்ச் மாதத் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவக்காற்று இன்னும் ஓயவில்லை. அது கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியைத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையும் நடுவே ஓடும் மலைத்தொடர்களும் வாங்கிக்கொள்வதால், மறைவில் இருக்கும் கெடாவுக்கு உலர்ந்த காற்றே வந்து சேர்கிறது. பனிநிலை தாழ்ந்தும் மேக அடித்தளம் உயர்ந்தும் இருக்கும் இந்நாள்கள் உயரப் பறக்க ஏற்றவை.

மாதத்தின் நடுப்பகுதியில் பருவக்காற்று தளர, பகல் வெயிலும் கடற்காற்றும் வானத்தைத் தம் கைக்குள் கொண்டுவருகின்றன. மலேசிய நேரம் கெடாவின் உண்மையான சூரிய நேரத்தைவிட முந்தியிருப்பதால், இங்கே சூரியன் உச்சியை அடைவது பகல் ஒன்றரை மணி அளவிலேயே. வெப்ப எழுகாற்று அதற்குப் பிந்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் தன் முழு வலிமையைப் பெறுகிறது. ஆனால் கடலோரத்தில் அதற்கு முன்பே கடற்காற்று நுழைந்து, குளிர்ந்த அடுக்கு ஒன்றைத் தரைமீது விரித்து எழுகாற்றை அடக்கிவிடும். யான் கரையோரத்தில் வானம் அடங்கிய பின்னும், உள்நாட்டில் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் அது இயங்கிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. கடற்காற்றின் முன்விளிம்பு உள்நோக்கி நகரும்போது, தன் முன்னுள்ள சூடான காற்றை ஆப்புப்போல் மேலே தள்ளுவதால், அந்த விளிம்பை ஒட்டி நீளமான எழுகாற்று வரிசை ஒன்று அமைகிறது.

மாத இறுதியில் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கெடாவின் தலைக்கு நேர் மேலே வருவதால் வெயில் உச்சத்தை எட்டுகிறது. அண்டை மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று பதிவான 40.1 பாகை வெப்பமே மலேசியாவின் மிக உயர்ந்த பதிவு என்பது இப்பருவத்தின் கடுமையைக் காட்டும். அதோடு காற்றில் ஈரமும் ஏறுவதால் மேக அடித்தளம் தாழ்ந்து, பிற்பகல்களில் இடிமழை பெய்யத் தொடங்குகிறது. பால்மரங்களும் அதற்குள் புதுத்தளிர் விரித்து நீராவிப்போக்கை மீண்டும் தொடங்கியிருக்கும்.

பறவைகளின் பாடம்

இதே மார்ச் மாதத்தில், சுமத்ராவிலும் அதற்கு அப்பாலும் குளிர்காலத்தைக் கழித்த வேட்டைப் பறவைகள் வடக்கே திரும்புகின்றன. தேன் பருந்துகள் அவற்றுள் எண்ணிக்கையில் முதன்மையானவை. கடலின் மேல் பகலில் வலுவான வெப்ப எழுகாற்று எழாததால், அவை மலாக்கா நீரிணையின் குறுகிய பகுதியில், ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவான் முனைக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடந்து தீபகற்பத்தை அடைகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இப்பறவைகளைக் காணும் விழாவை நடத்திவருகிறது. கரை சேர்ந்தபின் அவை நிலத்தின் எழுகாற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொற்றிக்கொண்டு தீபகற்பத்தின் வழியே தாய்லாந்தை நோக்கிச் செல்கின்றன.

உள்ளூர்ப் பறவைகளும் இதே கலையில் தேர்ந்தவை. இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் வேளையிலிருந்து கெடாவின் நெல்வயல்களுக்குக் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கிய நத்தைகுத்தி நாரை, காலையில் வயலில் நத்தை தின்று, வெயில் ஏறியதும் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மிக உயரத்திற்குச் செல்வதைக் காணலாம். பறவைகள் கிளைடரைவிட முன்னதாகவே பறக்கத் தொடங்குவதற்குக் கணக்கு ஒன்று உண்டு. ஏ.எஸ்.கே. 21 கிளைடர் நிறை எடையில் 600 கிலோ. இறக்கைப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 33 கிலோவைச் சுமக்கிறது. எடை மிகுந்தால் வேகம் மிகுந்தாக வேண்டும்; மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 40 பாகை சாய்ந்து சுற்றினாலும் அதன் வட்டத்தின் ஆரம் 60 மீட்டர், ஒரு சுற்றுக்கு 17 நொடி. ஒரு சதுர மீட்டருக்குச் சில கிலோவை மட்டுமே சுமக்கும் பருந்தோ, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 25 பாகை சாய்ந்தாலே 22 மீட்டர் ஆரத்தில் சுற்றிவிடும். காலையில் எழும் தூண்கள் குறுகியவை. கிளைடர் அவற்றுக்கு வெளியே விழுந்துவிட, பருந்து உள்ளேயே தங்குகிறது. இறக்கை நுனியில் விரல்களாகப் பிரிந்து நிற்கும் சிறகுகள் நுனிச்சுழலால் வரும் இழுவையைக் குறைத்து, குட்டையான அகன்ற இறக்கையின் குறையை ஈடுசெய்கின்றன.

பறவைகளின் இத்திறனை ஆராய்ந்தவர்களுள் காலின் பென்னிகுயிக் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அவர் எஞ்சின் பொருத்திய கிளைடரில் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வெளியில் கழுகுகளோடு பறந்து, அவற்றின் ஏறும் வேகத்தையும் சறுக்கும் வேகத்தையும் அளந்து 1972இல் வெளியிட்டார். ஆண்டீஸ் மலையின் காண்டோர் பறவைகளின் உடலில் கருவி பொருத்தி நடத்தப்பட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவை பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டுமே இறக்கையை அடிக்கின்றன என்றும், ஒரு பறவை இறக்கையை ஒருமுறையும் அடிக்காமல் ஐந்து மணி நேரத்திற்குமேல் பறந்து 170 கிலோமீட்டரைக் கடந்தது என்றும் காட்டியது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவு அறிவியலையும் கற்க விமானம் தேவையில்லை. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளிகளும் பல, ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும் இடங்களிலேயே அமைந்துள்ளன; அவற்றின் மாணவர்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள அளவுகோல் ஒன்று இயற்கையாகவே கிடைத்திருக்கிறது. இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டும் காட்டும் அளவுகளின் வேறுபாட்டிலிருந்து அட்டவணையின் துணையால் பனிநிலையைக் கண்டறிந்து, மேக அடித்தளத்தைக் கணக்கிட்டு, அதன்பின் மலையுச்சியைப் பார்த்துக் கணக்கு சரியா என்று சோதிக்கலாம். முதல் பறவை இறக்கையடிக்காமல் வட்டமிடத் தொடங்கிய நேரம், அது எழுந்த இடம் வயலா பால்மரக் காடா செம்பனையா வீடமைப்புப் பகுதியா என்பது, அன்று பிற்பகல் மழை பெய்ததா என்பது ஆகிய மூன்றையும் மார்ச் மாதம் முழுவதும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், இயற்பியல், புவியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே பக்கத்தில் சேரும். பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்படும் இத்தகைய குறிப்பேடுகள், நிலம் மாறும்போது வானம் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு நம்பத்தக்க உள்ளூர்ச் சான்றாகும். வரும் மார்ச் மாதத்திலேயே ஆசிரியர்கள் இதைத் தொடங்க வேண்டும்.